எழுபத்தெட்டு நாள் கணக்கு

இஎஸ்ஐ என்று எல்லோரும் சொல்லும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகை பெற 78 என்ற எண்ணை எட்ட வேண்டும். ஆறு மாதச் சந்தா காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் இருபத்தாறு வாரத்தில் 156 நாள் வரும். அதில் சரிபாதி 78. கேட்கும்போது தாராளமான விதியாகவே தோன்றுகிறது. பாதி நாள் வேலைக்கு வந்திருந்தாலே போதும். நோயில் விழுந்தால் ஓராண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். அந்தப் பணத்தை முதலாளி தர வேண்டியதில்லை, காப்பீட்டுக் கழகமே தருகிறது.

தினம் சராசரியாக 400 ரூபாய் வாங்கும் ஒரு தையல் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். 2019 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் விகிதப்படி அவர் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 3 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு, 13 ரூபாய். ஆறு மாதமும் ஒழுங்காக வேலைக்கு வந்த அவரை, மாதத்துக்கு 12 நாள் மட்டுமே வந்ததாக நிறுவனம் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் 72 நாள்தான் ஏறும். மறைக்கப்பட்ட 84 நாளில் நிறுவனத்துக்கு மிச்சம் 1,092 ரூபாய். தொழிலாளிக்கு இழப்பு, நாளுக்கு 280 ரூபாய் வீதம் 91 நாளுக்கு 25,480 ரூபாய் வரை. மிச்சத்துக்கும் இழப்புக்கும் இடையே இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். தொழிலாளர் நலச் சட்டங்களை நிறுவனங்கள் கடைப்பிடிக்கின்றனவா என்ற பெரிய கேள்வியை நான் இந்தச் சிறிய கணக்கிலிருந்தே அணுக விரும்புகிறேன். சட்டம் முறியும் இடம் இங்கே துல்லியமாகத் தெரிகிறது. உரிமை தொழிலாளியுடையது. ஆனால் அந்த உரிமை உயிரோடு இருக்கிறதா என்பதை எழுதும் பேனா முதலாளி கையில் இருக்கிறது.

நாள்களைக் குறைத்துக் காட்டுவது தொழிற்சங்கத்தினர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் புகார். திருப்பூர் போன்ற ஊர்களில் இதற்கு வசதியும் அதிகம். பீஸ் ரேட்டில் வேலை, வாரச் சம்பளம், ஆர்டர் முடிந்ததும் அடுத்த கம்பெனிக்கு நகரும் ஆட்கள், நடுவில் ஒரு கான்ட்ராக்டர். சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் வேறொருவர். இது தவிர வேறு வழிகளும் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் திட்டத்துக்குள் வந்தாக வேண்டும் என்பதால், ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று பெயர்ப்பலகை தொங்கும். ஒவ்வொன்றிலும் எட்டு ஒன்பது பேர். ஆண்டுக்கணக்கில் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் ஏட்டில் பயிற்சியாளராகவே இருப்பார். பஞ்சாலை விடுதிகளில் தங்கி வேலை செய்த இளம்பெண்களை, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்றாண்டு முடிந்த பிறகு மொத்தத் தொகை என்று சொல்லி வைத்திருந்த காலத்தில், பயிற்சியாளர் என்ற சொல் எவ்வளவு தூரம் நீட்டப்பட்டது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரிந்த கதை.

இவை எல்லாவற்றையும் 1948ஆம் ஆண்டின் இஎஸ்ஐ சட்டமும் அதற்குப் பிறகு வந்த திருத்தங்களும் யோசித்திருந்தன என்பதுதான் மனத்தை வருத்துவது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் தற்காலிகமாக வந்தவரும் அதன் வரையறைக்குள் அடக்கம். ஒரு முறை திட்டத்துக்குள் வந்த நிறுவனம், பிறகு ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது. கான்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் முதன்மை முதலாளி முதலில் கட்டிவிட்டுப் பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். தன் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது. தொழிலாளியிடம் பிடித்த தொகை முதலாளியிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். அதைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று தண்டனைச் சட்டத்திலேயே விளக்கம் இருந்தது. ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை என்பது வரை எழுதியிருந்தார்கள். தாமதத்துக்கு 12 விழுக்காடு வட்டி, அதற்கு மேல் நட்டஈடு.

ஆனால் அந்த வட்டியும் நட்டஈடும் போய்ச் சேரும் இடம் காப்பீட்டுக் கழகம். கழகத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கடன் தகராறாகவே மீறல் நடத்தப்படுகிறது. நோட்டீஸ் வருகிறது, நிலுவை நிர்ணயமாகிறது, காப்பீட்டு நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது, தவணையில் கட்டுவதாகப் பேசி முடிகிறது. இந்த ஓட்டத்தில் தொழிலாளி எங்கும் இல்லை. தனக்குச் சந்தா கட்டப்படவில்லை என்பது அவருக்குத் தெரியவரும் நாள், மருந்தக மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்றோடு கிளை அலுவலக ஜன்னலில் நிற்கும் நாள். அதற்குள் அவர் வேறு கம்பெனிக்கு மாறியிருக்கவும் கூடும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாதான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையிலான உதவித்தொகையைத் தீர்மானிக்கிறது. ஏப்ரலில் எழுதப்பட்ட பொய் எட்டொன்பது மாதம் கழித்துக் காய்ச்சலில் வெளிப்படுகிறது.

இதற்கும் சட்டத்தில் ஒரு மருந்து இருந்தது. 68ஆம் பிரிவு. முதலாளி சந்தா கட்டாததால் தொழிலாளி உதவியை இழந்தாலோ குறைவாகப் பெற்றாலோ, கழகம் அவருக்கு உரிய தொகையைத் தந்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம். 2000களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றமும் இதே திசையில் ஒரு தீர்ப்புச் சொன்னது. விபத்தில் இறந்த தொழிலாளியின் பெயர் அப்போது பதிவாகியிருக்கவில்லை என்பதால் அவர் குடும்பத்தின் உரிமை அழிந்துவிடாது. காப்பீடு வேலையில் சேர்ந்த நாளிலேயே தொடங்குகிறது, படிவம் போன நாளில் அல்ல. இதைவிடத் தெளிவான கொள்கை வேண்டியதில்லை. ஆனால் 68ஆம் பிரிவு "தரலாம்" என்றுதான் சொன்னது, "தர வேண்டும்" என்று சொல்லவில்லை. அப்படி ஒரு வழி இருப்பது எத்தனை தொழிலாளர்களின் காதுக்குப் போயிருக்கும்?

முதலாளிகள் தரப்பில் சொல்லப்படும் ஒரு பதிலை ஒதுக்கிவிட முடியாது. "ஆட்களே பிடித்தம் வேண்டாம் என்கிறார்கள்" என்பார்கள். இது பல இடங்களில் உண்மை. வாரக் கடைசியில் கையில் வரும் பணம் குறைவதை யாரும் விரும்புவதில்லை. மருந்தகத்துக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது. நீண்ட வரிசை, இல்லாத மருந்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டு. இஎஸ்ஐ என்றால் மாத்திரை என்று மட்டும் நினைப்பவர்களே அதிகம். நோய்க்கால ஊதியம் 91 நாள், காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 விழுக்காடு ஊதியத்தோடு இரண்டாண்டு வரை, வேலையில் காயம்பட்டால் 90 விழுக்காடு என்பதெல்லாம் அவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1955இல் கோயம்புத்தூரில் தொடங்கியது. பக்கத்திலிருக்கும் திருப்பூரில், நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் முதலிடத்தில் இருக்கும் ஊரில், நூறு படுக்கை இஎஸ்ஐ மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2019 பிப்ரவரியில். இடையில் அறுபத்து நான்கு ஆண்டுகள். அத்தனை காலமும் அந்த ஊர்த் தொழிலாளி கொடுத்த சந்தாவுக்கு எதிரே என்ன கிடைத்தது என்று கேட்டால், அவருடைய சலிப்பு புரியும். ஆனாலும் அந்தச் சலிப்பை முதலாளி தனக்குச் சாதகமான ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது. 3 ரூபாய் பிடித்தம் வேண்டாம் என்று தொழிலாளி சொல்லும்போது, தனக்காக முதலாளி கட்ட வேண்டிய 13 ரூபாயையும் சேர்த்தே துறக்கிறார் என்பதை யாரும் அவருக்கு விளக்குவதில்லை.

இந்தத் திட்டம் எந்த அச்சத்திலிருந்து பிறந்தது என்பதை நினைவுகூர்வது நல்லது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும், பம்பாயில் 1929இலும் சென்னை மாகாணத்தில் 1934இலும் வந்த பேறுகாலச் சட்டங்களும் பணம் தரும் பொறுப்பை அந்தந்த முதலாளியின் தலையில் வைத்தன. பொறுப்பு தனி ஆளுடையது என்றால் தப்பிக்கும் ஆசையும் தனி ஆளுடையதுதான். 1943இல், அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பேராசிரியர் பி.பி.அதார்க்கர் சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுக்க நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது. அதன் வழியாக 1948இல் சட்டம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எல்லா முதலாளிகளும் ஒரே விகிதத்தில் ஒரு பொது நிதிக்குக் கட்டுவார்கள், யாருக்கு நோய் வந்தாலும் நிதியே தரும். நோயாளியை வேலையை விட்டு அனுப்பினால் முதலாளிக்கு எந்த லாபமும் இல்லை. மிகக் கூர்மையான சிந்தனை இது. பணத்தை முதலாளியின் கையிலிருந்து எடுத்தார்கள். ஏட்டை எடுக்கவில்லை.

பேறுகாலச் சட்டத்திலோ இரண்டையுமே விட்டுவைத்தார்கள். 1961ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம் முழு ஊதியத்தோடு விடுப்பு என்று விரிந்தது. உலக அளவில் பெருமைப்படத்தக்க நீளம். இஎஸ்ஐ வரம்புக்குள் இருக்கும் பெண்ணுக்கு அந்த 182 நாள் ஊதியத்தைக் கழகம் தந்துவிடும். தினம் 400 ரூபாய் வாங்குபவருக்கு 72,800 ரூபாய். வரம்புக்கு மேலே இருப்பவருக்கு முழுத்தொகையும் அவருடைய நிறுவனமே தர வேண்டும். அந்த வரம்பு மாதம் 21,000 ரூபாய். 2017 ஜனவரியில் வைத்தது. அதன் பிறகு விலைவாசியும் சம்பளமும் எவ்வளவோ ஏறியும் வரம்பு அசையாமல் நின்றதால், ஒரு சிறு சம்பள உயர்வில் ஏராளமான பெண்கள் பொது நிதியின் பாதுகாப்பிலிருந்து வெளியே தள்ளப்பட்டிருக்கிறார்கள். முப்பது பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் கண்ணில் இப்போது இருபத்தெட்டு வயதுப் பெண் விண்ணப்பதாரர் ஒரு செலவுக் கணக்காகத் தெரிகிறார். நேர்முகத் தேர்வில் "கல்யாணம் எப்போது" என்ற கேள்வி வருகிறது. கர்ப்பத்தைச் சொன்ன மாதத்திலேயே வேலைத்திறன் குறைந்துவிட்டதாகக் கடிதம் வருகிறது. விடுப்பில் இருக்கும் பெண்ணை நீக்குவதைச் சட்டம் தடுத்திருக்கிறது. அதற்கு முன்பே நீக்குவதையோ, முதலிலேயே எடுக்காமல் விடுவதையோ நிரூபிக்க அந்தப் பெண்ணிடம் என்ன ஆவணம் இருக்கும்?

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்குப் பேற்றுக்கு முன்னும் பின்னும் ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், ஆகவே அந்தச் சுமையின் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். அரசு ஏற்காத நிலையில் முதலாளி தருவதில் தவறில்லை என்பது அவருடைய அடுத்த படி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183ஆம் ஒப்பந்தம் 2000இல் வந்து சேர்ந்த இடமும் அதுதான்: பேறுகால ஊதியத்தின் நேரடிச் செலவுக்குத் தனி முதலாளி பொறுப்பாகக் கூடாது, சமூகக் காப்பீடோ பொது நிதியோ தர வேண்டும். இந்தியா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. வாரங்களைக் கூட்டினோம், செலவை யார் தாங்குவது என்ற கேள்வியைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்த இடத்திலேயே விட்டுவிட்டோம்.

இங்கே தனியார் முதலாளியை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. தமிழ்நாட்டு அரசின் நிரந்தர ஊழியப் பெண்களுக்கு 2021 ஜூலை முதல் பேறுகால விடுப்பு பன்னிரண்டு மாதம். ஆனால் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் ஒப்பந்தத்தில் வேலை செய்த செவிலியர்கள் ஊதியத்தோடு கூடிய பேறுகால விடுப்புக்காகவே உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. பிரசவ வார்டில் மற்ற பெண்களின் பேற்றைப் பார்த்துக்கொள்பவர்கள் அவர்கள். 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பேறுகாலச் சட்டமே மேலானது என்று தீர்ப்பளித்தது. அடுத்த மே மாதம், தமிழ்நாட்டின் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு இரண்டு குழந்தை வரம்பைக் காட்டி விடுப்பு மறுக்கப்பட்ட வழக்கில், பேறுகாலப் பலன் பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இதற்கெல்லாம் முன்னோடியாக 2000ஆம் ஆண்டில் டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் வழக்கு இருக்கிறது. சாலையில் கல் சுமந்த பெண்கள் அவர்கள். நிரந்தர ஊழியருக்கு உண்டு, தினக்கூலிக்கு இல்லை என்ற மாநகராட்சியின் வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து அதே வாதத்தை இன்னொரு அரசு இன்னொரு நீதிமன்றத்தில் வைக்க முடிந்தது என்பது எனக்கு ஆறாத வருத்தம். சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டிய கையே இப்படி நடந்தால், கான்ட்ராக்டருக்கு அதிலிருந்து என்ன பாடம் போகும்?

ஊதியத்தோடு கூடிய சாதாரண விடுப்பின் கதை இன்னும் எளிமையானது. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஓராண்டு வேலை செய்தவருக்கு 12 நாள் விடுமுறை, 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு. தி.நகர் ஜவுளிக்கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் நின்றுகொண்டிருக்கும் எத்தனை பேர் இந்த முப்பத்தாறு நாளைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? தொழிற்சாலைகளில் 240 நாள் வேலை செய்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் விடுப்பு என்பது நெடுங்காலமாக இருந்த ஏற்பாடு. அந்த 240ஐ எட்டவிடாமல் இடைநிறுத்தி மறுபடி எடுக்கும் பழக்கமும் அதோடு சேர்ந்தே வளர்ந்தது. 240 நாள் ஆகாமலே விலகுபவருக்கும் அதுவரை சேர்ந்த விடுப்புக்கான சம்பளம் உண்டு என்ற துணைப்பிரிவைக் கேட்டு வாங்கியவர்கள் மிகக் குறைவு. 2025 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 240ஐ 180ஆகக் குறைத்திருக்கின்றன. இதை மனமார வரவேற்கிறேன்.

அதே தொகுப்புகள் கண்காணிப்பில் செய்திருக்கும் மாற்றத்தை அப்படி வரவேற்க முடியவில்லை. ஆய்வாளர் இனி ஆய்வாளரும் ஒத்துழைப்பாளருமாவார். எந்த நிறுவனத்துக்குப் போவது என்பதைக் கணினி தேர்ந்தெடுக்கும். வழக்குத் தொடரும் முன் தவறைத் திருத்திக்கொள்ள அவகாசம் தர வேண்டும். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள முதல் குற்றத்தைப் பாதித் தொகை கட்டி முடித்துக்கொள்ளலாம். லஞ்சம் வாங்கும் ஆய்வாளர்கள் மீது முதலாளிகளுக்கு இருந்த கோபம் நியாயமானது, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தியா 1949இல் ஏற்றுக்கொண்ட 81ஆம் சர்வதேச ஒப்பந்தம், ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி எந்த நேரத்திலும் பணியிடத்துக்குள் நுழையலாம் என்கிறது. நாள் குறைத்து எழுதும் குற்றத்துக்கு இது மிக முக்கியம். ஏட்டில் பொய் இருக்கும்போது ஏட்டை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை உள்ளே போய் மெஷின்களில் உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ணினால்தான் வித்தியாசம் தெரியும்.

2025 ஜூலை முதல் டிசம்பர் வரை காப்பீட்டுக் கழகம் ஒரு சலுகைக் காலம் அறிவித்திருந்தது. அதுவரை பதிவு செய்யாத நிறுவனம் தானாக முன்வந்து பதிந்தால், அது சொல்லும் தேதியிலிருந்து கணக்கு தொடங்கும். பழைய நிலுவை கேட்கப்படாது, பழைய ஏடு கிளறப்படாது. புதிதாக ஆட்கள் திட்டத்துக்குள் வருவார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பழைய ஆண்டுகளில் கை நசுங்கியவரும் பிரசவத்துக்குக் கடன் வாங்கியவரும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்காமல் அவர்களுடைய கணக்கும் சேர்த்து மூடப்பட்டது.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, கழகம் முதலில் தொழிலாளிக்குத் தந்துவிட்டுப் பிறகு முதலாளியிடம் வசூலிப்பது கட்டாய விதியாக வேண்டும். வேலை செய்ததற்குத் தொழிலாளி காட்டும் எந்த நியாயமான சான்றும், கூலிச் சீட்டோ வங்கிக் கணக்கோ சக தொழிலாளியின் வாக்குமூலமோ, அதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும். இரண்டாவது, பேறுகால ஊதியம் சம்பள வரம்பு எதுவும் இல்லாமல் முழுவதும் பொது நிதிக்கு மாற வேண்டும். மூன்றாவதற்குச் சட்டத் திருத்தமே வேண்டியதில்லை. ஒரு மாதச் சந்தா அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். கட்டிய உடன் கழகத்தின் கணினியில் ஒவ்வொருவர் பெயருக்கும் எத்தனை நாள் ஏறியது என்பது இருக்கிறது. அந்த ஒரு எண்ணை அன்றே தமிழில், குறுஞ்செய்தியாக, காப்பீட்டு எண்ணோடு இணைந்த தொலைபேசிக்கு அனுப்பலாம்: இந்த மாதம் உங்களுக்கு 12 நாள், இந்தக் காலத்தில் இதுவரை 36 நாள். இன்றும் கழகத்தின் இணையதளத்திலும் அரசின் உமங் செயலியிலும் தேடிப் பார்க்க முடியும். ஆனால் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் தேடுவார். தொழிற்சங்கங்கள் ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் தங்கள் உறுப்பினர்களை உட்காரவைத்து இந்த எண்ணை எடுத்துக் காட்டினால், சந்தா காலம் முடிய இன்னும் மூன்று மாதம் மீதமிருக்கும். குறைந்த நாள்களைக் கிளை அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்கவும், நிறுவனத்தைத் திருத்தவைக்கவும், 78ஐ எட்டவைக்கவும் அந்த மூன்று மாதம் போதும்.